எண் 31-ன் பூர்வீகம்

எலும்பிலும் மரபணுவிலும் இருக்கும் பாஸ்பரஸ் எந்த உருவில், எந்த வழியாகப் பூமிக்கு வந்து சேர்ந்தது? நட்சத்திரங்கள் பிறக்கும் மேகங்களில் துப்பு தேடுகிறார்கள் விண்வெளி வேதியியலாளர்கள்.

பத்தாண்டுப் பயணத்தை முடித்துக்கொண்டு 2014 ஆகஸ்டில் ஒரு வால் நட்சத்திரத்தின் அருகே போய்ச் சேர்ந்தது ஐரோப்பிய விண்கலமான ரொசெட்டா. குழந்தைகள் தண்ணீரில் மிதக்கவிடும் வாத்து பொம்மையைப் போன்ற உருவம். சுமார் 4 கி.மீ. நீளம். கரி போன்ற கறுப்பு. 1969-ல் இதைக் கண்டுபிடித்தவர்கள் சோவியத் யூனியனைச் சேர்ந்த கிளிம் சுர்யுமோவ், ஸ்வெட்லானா கெராசிமெங்கோ என்ற இருவர். அவர்கள் பெயரே வால் நட்சத்திரத்துக்கும் நிலைத்துவிட்டது. வாய்க்குள் நுழையாத பெயர் என்பதால் விஞ்ஞானிகள் 67பி என்று முடித்துக்கொள்கிறார்கள்.

விண்கலத்தில் ரொசினா என்ற கருவி இருந்தது. வால் நட்சத்திரத்திலிருந்து கசியும் வாயுவை உள்ளே இழுத்து, அதில் என்னென்ன இருக்கிறது என்று எடைவாரியாகப் பிரித்துக் காட்டுவது அதன் வேலை. தண்ணீர் என்றால் 18. கரியமில வாயு என்றால் 44. இப்படி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். அந்த வரிசையில் 31 என்ற எண்ணுக்கு நேரே சின்னதாக ஒரு மேடு தென்பட்டது. 31 எடையுள்ள சரக்குகள் வேறு சிலவும் உண்டு. ஆனால் எடையைத் தசம ஸ்தானங்கள் வரை அலசிப் பார்க்கும் கருவி அது. இந்த மேடு பாஸ்பரஸ்தான் என்று உறுதியானது.

சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேத்ரின் ஆல்ட்வெக் தலைமையிலான குழு 2016-ல் இந்தச் செய்தியை வெளியிட்டபோது, அதே அறிக்கையில் கிளைசின் என்ற அமினோ அமிலமும் இருந்தது. பத்திரிகைகளின் தலைப்பில் கிளைசின்தான் ஏறியது. பாஸ்பரஸ் இரண்டாவது வாக்கியத்துக்குப் போனது. விஷயம் தெரிந்தவர்களுக்கோ இரண்டாவது வாக்கியம்தான் அதிக சுவாரஸ்யம். ஏனென்றால் அதில் ஒரு குறை இருந்தது. ரொசினா, வாயுவை எலக்ட்ரான்களால் அடித்து உடைத்துத்தான் எடை போடும். அதற்குக் கிடைத்தது உடைந்த துண்டு. பாஸ்பரஸ் அணு எந்த மூலக்கூறின் பகுதியாக அங்கே வந்தது, யார் அதைச் சுமந்துவந்தார்கள் என்பதற்கு 2016-ல் பதில் இல்லை.

அரிய சரக்கு

வளர்ந்த ஒருவரின் உடம்பில் சுமார் 700 கிராம் பாஸ்பரஸ் இருக்கிறது. இதில் ஏறக்குறைய 85 சதவீதம் எலும்பிலும் பல்லிலும். மிச்சமிருப்பது கொஞ்சம்தான் என்றாலும் உயிரின் காரியங்கள் அதை வைத்துத்தான் நடக்கின்றன. டி.என்.ஏ. என்ற நூலேணியின் இரு பக்கக் கயிறுகளும் சர்க்கரையும் பாஸ்பேட்டும் மாறி மாறிக் கோக்கப்பட்டவை. செல்லுக்குள் சக்தியைச் சில்லறையாக மாற்றிக் கொடுக்கும் ஏ.டி.பி. மூலக்கூறில் மூன்று பாஸ்பேட்டுகள். செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வு பாஸ்பரஸ் கலந்த கொழுப்பு. இந்த வேலைகளுக்கெல்லாம் இயற்கை பாஸ்பேட்டை ஏன் தேர்ந்தெடுத்தது என்று அமெரிக்க வேதியியலாளர் பிராங்க் வெஸ்ட்ஹைமர் 1987-ல் ஒரு கட்டுரை எழுதினார். இன்றும் மேற்கோள் காட்டப்படும் கட்டுரை. பாஸ்பேட் இரண்டு சர்க்கரைகளைப் பிணைத்த பிறகும் அதனிடம் ஒரு மின்னேற்றம் மிஞ்சுகிறது. அந்த மின்னேற்றம், தண்ணீர் வந்து பிணைப்பை அறுத்துவிடாமல் காக்கிறது. மூலக்கூறு சவ்வைத் தாண்டி வெளியே நழுவாமலும் பிடித்து வைக்கிறது. வேறெந்தப் பொருளும் இதை இவ்வளவு பொருத்தமாகச் செய்வதில்லை என்பது அவருடைய வாதம்.

இத்தனைக்கும் இது சுலபமாகக் கிடைக்கிற சரக்கு அல்ல. அரிசோனா பல்கலைக்கழகத்தில் மாத்யூ பாசெக், டான்ட் லாரெட்டா இருவரும் போட்ட கணக்கு ஒன்று உண்டு. பிரபஞ்சத்தில் சுமார் 28 லட்சம் ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒரு பாஸ்பரஸ் அணு. கடலில் 4.9 கோடி ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒன்று. பாக்டீரியாவிலோ 203-க்கு ஒன்று. கடலில் ஏறக்குறைய இல்லவே இல்லாத ஒன்றை உயிர் எங்கிருந்தோ திரட்டித் தனக்குள் குவித்து வைத்திருக்கிறது. கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் விஷயத்தில் இந்த அளவு கஞ்சத்தனத்தை இயற்கை காட்டவில்லை. உயிரினங்கள் பெருகுவதற்கு முட்டுக்கட்டையாக நிற்பது பாஸ்பரஸ்தான் என்று அறிவியல் எழுத்தாளர் ஐசக் அசிமோவ் 1959-லேயே எழுதியிருக்கிறார். வயலுக்கு டி.ஏ.பி. மூட்டை சுமக்கும் விவசாயிக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பூமியின் பாறைகளில் பாஸ்பரஸ் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் அது அபடைட் போன்ற கனிமங்களில் பூட்டிக் கிடக்கிறது. தண்ணீரில் லேசில் கரையாது. சுமார் 400 கோடி ஆண்டுகளுக்கு முன், உயிர் என்ற ஒன்று இன்னும் தோன்றாத குட்டைகளில், கரைந்து கலந்து வேலை செய்யத் தயாரான பாஸ்பரஸ் எங்கிருந்து வந்தது என்பது உயிரின் தோற்றத்தை ஆராய்கிறவர்களைப் பல தலைமுறைகளாகப் படுத்தும் கேள்வி.

இந்தத் தனிமத்தை மனிதன் கண்டுபிடித்த கதையும் அவ்வளவு மேன்மையானதல்ல. 1669-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் ஹென்னிக் பிராண்ட் என்ற ரசவாதி, தங்கம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் சிறுநீரை வாளி வாளியாகக் காய்ச்சி வடித்தார். கிடைத்தது இருட்டில் தானாக ஒளிரும் மெழுகு போன்ற ஒரு பொருள். ஒளியைச் சுமப்பது என்ற பொருளில் அதற்குக் கிரேக்கப் பெயர் ஒட்டிக்கொண்டது. கிரேக்கர்கள் அதே பெயரால் அழைத்தது விடிவெள்ளியை. இன்று அந்தச் சரக்கின் சாதுவான வடிவம் தீப்பெட்டியின் பக்கவாட்டில், குச்சியை உரசும் பட்டையில், சிவப்பாகப் பூசப்பட்டிருக்கிறது.

மச்சம் இல்லாத அணு

வானத்திலிருந்து வந்த பொருள்களின் பூர்வீகத்தைக் கண்டுபிடிக்க விஞ்ஞானிகளிடம் ஓர் உபாயம் இருக்கிறது. பல தனிமங்களுக்கு ஒரே குணமும் வெவ்வேறு எடையும் கொண்ட ஐசோடோப்புகள் உண்டு. அவற்றின் விகிதம் ஊருக்கு ஊர் மாறும். பிறவி மச்சம் மாதிரி. 67பி-யின் தண்ணீரில் கன ஹைட்ரஜனின் விகிதம் பூமியின் கடலில் உள்ளதைப்போல் சுமார் மூன்று மடங்கு என்று ரொசினா 2014-லேயே அளந்து சொல்லிவிட்டது. இந்த மாதிரி வால் நட்சத்திரங்கள்தான் பூமிக்குக் கடலைக் கொண்டுவந்து கொட்டின என்ற கருத்து அதோடு ஆட்டம் கண்டது.

பாஸ்பரஸிடம் இந்த வித்தை பலிக்காது. இயற்கையில் நிலைத்திருக்கும் பாஸ்பரஸ் ஒரே வகைதான், எடை 31. மிச்சமெல்லாம் சிதைந்து போகிறவை. எலும்பிலுள்ள பாஸ்பரஸும் எரிகல்லிலுள்ள பாஸ்பரஸும் 17,000 ஒளியாண்டு தூரத்து மேகத்தின் பாஸ்பரஸும் அச்சில் வார்த்தது போல ஒன்று. மச்சம் பார்த்து ஊரைச் சொல்ல வழியில்லை. ஒரே வழி, அது வழியில் யாரோடு சேர்ந்து பயணம் செய்தது என்று மூலக்கூறுகளைப் பின்தொடர்ந்து போவது. அதனால்தான் இந்த வழக்கின் விசாரணை, நட்சத்திரங்கள் பிறக்கும் மேகங்களுக்குள் போகிறது.

சமைக்கப்படும் இடம் ஓரளவுக்குத் தெரியும். சூரியனைப்போல் பல மடங்கு கனமான நட்சத்திரங்களின் வயிற்றில், கார்பனும் நியானும் எரியும் அடுக்குகளில், சிலிகன் அணுக்கள் நியூட்ரான்களை விழுங்கிப் பாஸ்பரஸ் ஆகின்றன. நட்சத்திரம் வெடித்துச் சிதறும்போது இதுவும் வெளியே வீசப்படுகிறது. 2013-ல் தென்கொரிய வானியலாளர் போன் சுல் கூ தலைமையிலான குழு, காசியோப்பியா ஏ என்ற வெடிப்பு எச்சத்தை அகச்சிவப்பு ஒளியில் ஆராய்ந்து, அங்கே இரும்போடு ஒப்பிடுகையில் பாஸ்பரஸின் அளவு பால்வெளியின் சராசரியைவிட 100 மடங்கு வரை அதிகம் என்று காட்டியது. பிறந்த வீட்டிலேயே வைத்துப் பார்த்த மாதிரி.

பிறகுதான் சிக்கல். வீசப்பட்ட அணு, நட்சத்திரங்களுக்கு இடையே உள்ள குளிர்ந்த மேகங்களில் போய்ச் சேர்ந்ததும் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது.

அந்த மேகங்களில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 260 டிகிரி செல்சியஸ். புகையைவிட நுண்ணிய தூசுத் துகள்களின்மேல் பனி படர்ந்து கிடக்கும். நைட்ரஜன் இந்தக் குளிரிலும் வாயு நிலையிலேயே பல வினைகள் வழியாக ஹைட்ரஜனோடு சேர்ந்து அமோனியாவாகிவிடும். வேதியியல் அட்டவணையில் நைட்ரஜனுக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கும் பாஸ்பரஸுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. அந்த வினைக்குச் சூடு வேண்டும். மேகத்தில் அது கிடையாது. ஆகவே பெரும்பகுதி பாஸ்பரஸ் தூசியில் ஒட்டிக்கொள்கிறது என்பது கணிப்பு. துகளின்மேல் ஹைட்ரஜன் அணுக்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்து அது பாஸ்பீன் ஆகலாம். ஆனால் உறைந்து ஒட்டிக் கிடக்கும் மூலக்கூறு சுழலாது. சுழலாத மூலக்கூறை ரேடியோ தொலைநோக்கியால் பார்க்க முடியாது.

வாயுவாக இருக்கும் மூலக்கூறு பம்பரம்போல் சுழலும். வேகம் குறையும்போதெல்லாம் குறிப்பிட்ட அலைவரிசையில் கொஞ்சம் சக்தியை உமிழும். ஒவ்வொரு மூலக்கூறுக்கும் அலைவரிசைகள் தனி, கைரேகை போல. பாஸ்பரஸும் நைட்ரஜனும் சேர்ந்த பாஸ்பரஸ் நைட்ரைடின் கைரேகையைத்தான் முதலில் பிடித்தார்கள். 1987-ல் பாரி டர்னர், ஜான் பாலி இருவரும் ஒரு பக்கமும் லூசி ஸியூரிஸ் இன்னொரு பக்கமுமாக, தனித்தனியே. ஓரியன் மண்டலத்தில் நட்சத்திரங்கள் உருவாகிக்கொண்டிருக்கும் மேகம்தான் இடம். பஞ்சாங்கத்தில் திருவாதிரை என்று குறிக்கப்படும் சிவந்த நட்சத்திரம் இருக்கிறதே, அதே விண்மீன் கூட்டத்தில், அதற்குக் கீழே, சுமார் 1,350 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது அந்த மேகம்.

வெற்றிதான். ஆனால் உயிரியலுக்கு வேண்டியது பாஸ்பரஸும் ஆக்சிஜனும் கைகோத்த பிணைப்பு. பாஸ்பேட்டின் அஸ்திவாரமே அதுதான். பாஸ்பரஸ் மோனாக்சைடு என்ற அந்த இரண்டு அணு மூலக்கூறு நட்சத்திரம் பிறக்கும் மேகத்தில் கிடைக்க இன்னும் 29 ஆண்டுகள் ஆயின.

இவ்வளவு தாமதத்துக்குக் காரணம் தேடியவர்களின் சோம்பல் அல்ல. இந்த மூலக்கூறில் ஜோடி சேராத எலக்ட்ரான் ஒன்று இருக்கிறது. அதனால் ஒரே கோடாக வரவேண்டிய சமிக்ஞை பிளந்து, 109 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் நான்கு மெல்லிய கோடுகளாக வருகிறது. ஏற்கெனவே அரிதான சரக்கு. அதன் குரலும் நாலாகப் பங்கு போடப்பட்டால்? நட்சத்திரம் பிறக்கும் சூடான பகுதிகளிலோ நூற்றுக்கணக்கான மூலக்கூறுகள் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருக்கின்றன. சந்தைக் கூச்சலில் நான்கு முணுமுணுப்புகளைப் பொறுக்கி எடுக்க வேண்டும்.

2007-ல் ஸியூரிஸின் அரிசோனா குழு இதை முதன்முதலாக விண்வெளியில் கண்டது. ஆனால் அது பிறப்பிடம் அல்ல; சாகப்போகிற ராட்சத நட்சத்திரம் ஒன்றைச் சுற்றியிருந்த புகை மண்டலம். பிறப்பிடத்தில் கண்டவர் ஸ்பெயின் நாட்டவரான விக்டர் ரிவில்லா. இத்தாலியின் புளோரன்ஸ் நகர ஆய்வகத்தில் வேலை பார்த்த அவரும் சகாக்களும், ஸ்பெயினின் சியரா நெவாடா மலைமேல் உள்ள 30 மீட்டர் ரேடியோ தொலைநோக்கியை டபிள்யூ51, டபிள்யூ3 என்ற இரண்டு மேகங்களின் பக்கம் திருப்பினார்கள். நாலு கோடுகளும் கிடைத்தன. 2016-ல் முடிவு வெளியானது. இரு இடங்களிலும் மோனாக்சைடு, நைட்ரைடைவிட அதிகம். அதிகம் என்றால் எவ்வளவு? 1,000 கோடி ஹைட்ரஜன் மூலக்கூறுகளுக்கு ஒன்று என்ற கணக்கில்.

குலுக்கினால் உதிரும்

அதே ஆண்டில் பெர்ட்ராண்ட் லெஃப்ளோக் என்ற பிரெஞ்சு ஆய்வாளரின் குழு, எல்1157 என்ற இடத்தில் இரண்டு மூலக்கூறுகளையும் கண்டது. அங்கே உருவாகிக்கொண்டிருப்பது சூரியனையொத்த எடையுள்ள சிசு நட்சத்திரம். அது இரு பக்கமும் பீய்ச்சியடிக்கும் வாயுத் தாரை சுற்றியுள்ள மேகத்தில் மோதுகிறது. பாஸ்பரஸ் மூலக்கூறுகள் இருந்தது நட்சத்திரத்தின் அருகில் அல்ல. மோதல் நடக்கும் இடத்தில்.

இதிலிருந்து ஒரு சித்திரம் உருவாகத் தொடங்கியது. பாஸ்பரஸ் நைட்ரைடு தென்படும் இடங்களில் பெரும்பாலும் சிலிகன் மோனாக்சைடும் தென்படுகிறது. சிலிகன் என்றால் மணல், கல். தூசுத் துகள்கள் மோதலில் சிதைந்தால் ஒழிய அது வாயுவாக வெளியே வராது. ஆக, பாஸ்பரஸும் அதே வழியில்தான் வருகிறது. துகளுக்குள் பதுங்கியிருப்பதை அதிர்ச்சி அலை குலுக்கி உதிர்க்கிறது. உதிர்ந்தது ஆக்சிஜன் உள்ள மூலக்கூறுகளோடு வினைபுரிந்து மோனாக்சைடு ஆகிறது. அதை ஒரு நைட்ரஜன் அணு மோதினால் ஆக்சிஜன் வெளியேறி நைட்ரைடு ஆகிவிடும். இரண்டில் எது அதிகம் மிஞ்சும் என்பது அந்த இடத்து நைட்ரஜன், வெப்பம், புற ஊதாக் கதிர் ஆகியவற்றைப் பொறுத்தது.

கணினியில் இந்த வினைகளை ஓட்டிப் பார்க்கும் வேலையில் இந்தியர்களுக்கும் பங்குண்டு. கொல்கத்தாவின் இந்திய விண்வெளி இயற்பியல் மையத்தைச் சேர்ந்த மிலன் சில், அங்கன் தாஸ் ஆகியோரும் சகாக்களும் மேகங்களின் வெவ்வேறு சூழல்களில் பாஸ்பரஸ் எந்தெந்த மூலக்கூறாக மாறும் என்று கணக்கிட்டு 2021-ல் வெளியிட்டார்கள். அடர்த்தியில்லாத மேகம், கதிர்கள் கொளுத்தும் விளிம்பு, நட்சத்திரம் பிறக்கும் சூடான கரு என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு. எங்கே தொலைநோக்கியைத் திருப்பலாம் என்று சொல்வதற்கு இந்த மாதிரிக் கணக்குகள் வேண்டியிருக்கின்றன. தொலைநோக்கி நேரம் என்பது ரேஷன் கடைச் சரக்கு, கேட்டவருக்கெல்லாம் கிடைக்காது.

சித்திரத்துக்கு முகம் கிடைத்தது 2020 ஜனவரியில். ரிவில்லா குழுவுக்கு சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில் உள்ள அல்மா தொலைநோக்கித் தொகுதியில் நேரம் கிடைத்திருந்தது. 5,000 மீட்டர் உயரத்தில் 66 ஆன்டெனாக்கள் ஒரே கண்ணாக வேலை செய்யும் இடம் அது. பார்த்த மேகம் ஏ.எஃப்.ஜி.எல். 5142. பிரம்மஹிருதயம் என்ற பளிச்சென்ற நட்சத்திரம் இருக்கும் விண்மீன் கூட்டத்தின் திசையில், சுமார் 7,000 ஒளியாண்டு தூரம். முந்தைய தொலைநோக்கிகள் மொத்தமாக ஒரு புள்ளியாகக் காட்டியதை அல்மா பிரித்துக் காட்டியது. பிறக்கும் கனமான நட்சத்திரத்திலிருந்து பாயும் வாயு, மேகத்தைக் குடைந்து ஒரு குகை தோண்டியிருக்கிறது. பாஸ்பரஸ் மூலக்கூறுகள் ஒட்டியிருப்பது அந்தக் குகையின் சுவர்களில். அதிர்ச்சி உதிர்த்த பாஸ்பரஸைக் குகைக்குள் பாயும் கதிர்கள் வினைபுரிய வைக்கின்றன என்பது குழுவின் விளக்கம். இங்கேயும் மோனாக்சைடே மிகுதி.

இந்த இடத்தில்தான் வாத்து பொம்மை திரும்ப வருகிறது. ரொசெட்டாவின் பணி 2016 செப்டம்பர் 30-ல் முடிந்துவிட்டது. ஆனால் ரொசினா அனுப்பிய தரவுகள் பெர்னில் இருந்தன. எதைத் தேட வேண்டும் என்பது இப்போது தெரியும். எண் 47, பாஸ்பரஸ் 31-ம் ஆக்சிஜன் 16-ம் சேர்ந்தது. ஆல்ட்வெக் தரப்பினர் பழைய தரவுகளைத் தோண்டினார்கள். 67பி-யில் பாஸ்பரஸைச் சுமந்துவந்தது பெரும்பாலும் மோனாக்சைடே என்று தெரிந்தது. நைட்ரைடு அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அல்மா பார்த்ததும் ரொசினா முகர்ந்ததும் ஒரே கட்டுரையில் வெளியாயின.

மேகத்தின் குகைச் சுவரில் உருவாகும் மூலக்கூறு, மேகம் சுருங்கும்போது மறுபடி தூசியின் பனியில் உறைகிறது. அந்தத் தூசுகள் கூழாங்கல்லாகி, வால் நட்சத்திரமாகி, சுமார் 460 கோடி ஆண்டுகள் குளிரில் கிடந்து, சூரியன் பக்கம் வரும்போது மறுபடி வாயுவாகக் கசிகிறது. ஒரு முனையும் இன்னொரு முனையும் பொருந்துகின்றன.

பொருந்தாதவை

கதை இவ்வளவு கச்சிதமாக இருந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான். செய்திக் குறிப்புகளில் உயிரின் இழை, உயிரின் மூலம் என்றெல்லாம் அலங்காரங்கள் வந்தன. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அவ்வளவு துணிச்சல் இல்லை. காரணம் எளிய கணக்கு. டபிள்யூ51-ல் அளந்த மோனாக்சைடையும் நைட்ரைடையும் கூட்டினாலும், அங்கே இருந்தாக வேண்டிய பாஸ்பரஸில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. மீதி? துகளுக்குள்தான் இருக்க வேண்டும். எந்தக் கனிமமாக, எந்தப் பனியாக என்பது பிடிபடவில்லை. விண்வெளியில் இதுவரை அடையாளம் கண்ட மூலக்கூறுகள் 300-ஐத் தாண்டிவிட்டன. பாஸ்பரஸ் உள்ளவை பத்துக்கும் குறைவு. அவற்றிலும் பல, முதிர்ந்த நட்சத்திரங்களைச் சுற்றிக் கண்டவை. 2022-ல் பால்வெளியின் மையத்துக்கு அருகே ஒரு மேகத்தில் மின்னேற்றம் பெற்ற பாஸ்பரஸ் மோனாக்சைடு கிடைத்தது. அதைக் கண்டதும் ரிவில்லாவின் குழுதான்.

இன்னொரு அதிர்ச்சி 2023-ல் வந்தது. கண்டவர்கள் மறுபடி அரிசோனாக்காரர்கள். லில்லியா கோலமே என்ற ஆராய்ச்சி மாணவியும் ஸியூரிஸும் சகாக்களும் நேச்சர் இதழில் எழுதினார்கள். பால்வெளியின் மையத்திலிருந்து சுமார் 74,000 ஒளியாண்டு தள்ளி, ஏறக்குறைய ஊர் எல்லையில் இருக்கிற ஒரு மேகத்தில் பாஸ்பரஸின் இரு மூலக்கூறுகளும் இருக்கின்றன. சூரியன் இருப்பது சுமார் 26,000 ஒளியாண்டில். அத்தனை தொலைவில் வெடிக்கும் ராட்சத நட்சத்திரங்கள் மிகமிக அபூர்வம். வெடிப்பு இல்லையென்றால் பாஸ்பரஸ் எப்படி வந்தது? உள்ளேயிருந்து வாயு அங்கே வீசப்பட்டிருக்கலாம் என்ற யோசனையை அந்தக் குழு அவ்வளவாக ஏற்கவில்லை. எடை குறைந்த நட்சத்திரங்களும் தங்கள் முதுமையில் நியூட்ரான்களைக் கொண்டு பாஸ்பரஸ் தயாரிக்கக்கூடும் என்பது அவர்கள் வாதம். அது சரியென்றால் பிறந்த வீடு எது என்று தெரியும் என்ற நம்பிக்கையைக்கூடத் திருத்தி எழுத வேண்டியிருக்கும். உயிருக்கு வேண்டிய சரக்கு கிடைக்காது என்று ஒதுக்கி வைத்த பால்வெளியின் வெளி வட்டாரங்களையும் மறுபடி கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கும்.

பூமியின் பக்கத்திலும் போட்டிக் கதைகள் உண்டு. இரும்பு எரிகற்களில் ஷ்ரைபர்சைட் என்ற கனிமம் இருக்கிறது. இரும்பும் நிக்கலும் பாஸ்பரஸும் சேர்ந்தது. அதைத் தண்ணீரில் போட்டால் வினைபுரியத் தயாரான பாஸ்பரஸ் கூட்டுப்பொருள்கள் வெளிப்படுகின்றன என்று 2005-ல் பாசெக்கும் லாரெட்டாவும் காட்டினார்கள். 2021-ல் வந்த இன்னொரு ஆய்வு, எரிகல்கூட வேண்டாம், மண்ணில் இடி விழுந்தாலே அந்தக் கனிமம் உண்டாகும் என்றது. ஆதி பூமியில் மின்னலுக்குப் பஞ்சமில்லை. ஜப்பானின் ஹயபுசா2 எடுத்துவந்த ரியுகு குறுங்கோள் மண்ணிலும், அமெரிக்காவின் ஒசைரிஸ்-ரெக்ஸ் 2023-ல் இறக்கிய பென்னு மண்ணிலும் பாஸ்பேட் பரல்கள் கிடைத்தன. சனியின் துணைக்கோளான என்செலடஸ் பீய்ச்சும் பனித் துகள்களில் சோடியம் பாஸ்பேட் இருந்ததை ஜெர்மனியின் பிராங்க் போஸ்ட்பெர்க் குழு 2023-ல் அறிவித்தது. அதுவும் 2017-ல் முடிந்துபோன காசினி விண்கலத்தின் பழைய தரவுகளைத் தோண்டி எடுத்ததுதான்.

விடிவெள்ளியில், அதாவது வெள்ளி கிரகத்தில், பாஸ்பீன் வாயு இருப்பதாக 2020 செப்டம்பரில் எழுந்த ஆரவாரமும் இந்த வரிசையில் ஞாபகம் வரும். அளவீடு சரியா என்பதிலேயே தகராறு. தீர்ப்பு வரும்வரை அதை ஒதுக்கி வைப்பதே நல்லது.

எரிகல்லும் மின்னலும் மேகத்துக் கதையைப் பொய்யாக்கவில்லை. எரிகல்லின் பாஸ்பரஸும் ஒரு காலத்தில் மேகத்தில் இருந்ததுதானே. கேள்வி விகிதாசாரம் பற்றியது. ஆதி பூமிக்குக் கிடைத்த, வேலைக்கு உதவுகிற பாஸ்பரஸில் பனியில் உறைந்த மோனாக்சைடாக வந்தது எவ்வளவு, கனிமமாக வந்தது எவ்வளவு, இடி விழுந்து விடுபட்டது எவ்வளவு? மச்சம் இல்லாத அணுவிடம் இதை நேரடியாகக் கேட்க முடியாது. இன்னும் பல மேகங்களில், முக்கியமாகச் சூரியனைப் போன்ற சிறிய நட்சத்திரங்கள் பிறக்கும் மேகங்களில், இரு மூலக்கூறுகளையும் அளக்க வேண்டும். அளந்த இடங்கள் குறைவு. இன்னும் சில வால் நட்சத்திரங்களையும் கிட்டே போய் முகர்ந்தாக வேண்டும். பாஸ்பரஸை இந்த விதத்தில் எடை போட்டுப் பார்த்தது இதுவரை ஒரே ஒரு வால் நட்சத்திரத்தில்தான்.

அந்த ஒன்றின்மேல்தான் ரொசெட்டா கிடக்கிறது. 2016-ல் பணியை முடிக்கும்போது விண்கலத்தை 67பி-யின்மேலேயே மெல்ல இறக்கிவிட்டார்கள். ரொசினாவும் அதோடு இருக்கிறது, பேச்சு மூச்சில்லாமல். வால் நட்சத்திரம் சுமார் ஆறரை ஆண்டுகளுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றுகிறது. 2021 நவம்பரில் சூரியனை நெருங்கி வந்து திரும்பியது. அடுத்து நெருங்குவது 2028-ல்.